மதினி எடுத்துக்கொண்ட இங்கிலீஷ் சொல்

சோப்பு உறையை முகர்ந்து பார்த்துவிட்டு மதினி என்னிடம் நீட்டினார்.

"தம்பி, இதுல என்ன எழுதியிருக்கு?"

கிணற்றடியில் வைத்துத்தான் கேட்டார். கை ஈரத்தில் உறை பாதி நனைந்துவிட்டது. ரெங்கூனிலிருந்து அண்ணன் அனுப்பிய பெட்டி அன்று காலையில்தான் கீரனூர் ஸ்டேஷனில் இறங்கி, மாட்டு வண்டியில் எங்கள் ஊருக்கு வந்திருந்தது. ஆத்தாவுக்கு ஒரு கம்பளி, தங்கை அலமுவுக்குக் கண்ணாடி வளையல், எனக்கு ஒரு பேனா, மதினிக்குச் சோப்பு. பெட்டியைத் திறந்ததும் வீடு முழுக்க மணந்தது.

நான் அப்போது புதுக்கோட்டையில் படித்து முடித்துவிட்டு, கீரனூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியாராகப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். யாராவது எதையாவது படிக்கச் சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்த காலம். உறையை வாங்கி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு படித்தேன்.

"சாண்டல் சோப். அதாவது, சந்தன சோப்புன்னு அர்த்தம்."

மதினி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் அண்ணன் பெயர் சந்தனம். எங்கள் குலசாமி சந்தனக் கருப்பருக்கு நேர்ந்துகொண்டு பிறந்த பிள்ளை என்பதால் வைத்த பெயர்.

"இங்கிலீசுல எப்புடிச் சொன்னீங்க?"

"சாண்டல்."

"சாண்டல்." கிணற்றுக்குள் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார். அப்புறம் இன்னொரு முறை, கொஞ்சம் சத்தமாக. வாளியை உள்ளே விட்டார்.

மதினிக்குப் படிப்பு கிடையாது. ஆனால் அன்றிலிருந்து அவர் வாயில் அந்த ஓர் இங்கிலீஷ் சொல் ஏறி உட்கார்ந்துகொண்டது. இந்த வாரம் அந்தச் சொல்லைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

நாலு, அஞ்சு, சிக்ஸு, ஏழு

எங்கள் பக்கத்துப் பெண்கள் அந்தக் காலத்தில் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று நம்பிக்கை. இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். இதில் உள்ள சங்கடம் பலருக்குத் தெரியாது. பெயரை மட்டும் விட்டால் போதாது. அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும் சாமான், கிழமை, ஊர் எல்லாவற்றையும் விட வேண்டும்.

அடுத்த வீட்டு ஆறுமுகத்தின் மனைவி காமாட்சி அக்கா நெல் அளக்க வந்தால் களத்தில் வேடிக்கைதான். ஒன்று என்று தொடங்கக் கூடாது, லாபம் என்று தொடங்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். அக்கா, "லாபம், ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு" என்று வந்து, அங்கே ஒரு பெருமூச்சு விட்டு, "அதுக்கு மேல, ஏழு" என்பார். அவர் மகன் பள்ளிக்கூடம் போய் எண் படித்து வந்த பிறகு பெருமூச்சு நின்றது. "நாலு, அஞ்சு, சிக்ஸு, ஏழு." களத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. அளவு சரியாக இருந்தால் போதாதா.

வெள்ளைச்சாமி மனைவிக்கு வாழ்க்கையே பெரும்பாடு. வெள்ளிக்கிழமை அவருக்கு வியாழனுக்கு மறுநாள். வெள்ளாடு, கொம்பு ஆடு. வெள்ளரிக்காய் விற்கிறவர் தெருவில் வந்தால், கூப்பிட வழியில்லாமல் கையைத் தட்டுவார். வெள்ளை வேட்டிக்கு மட்டும் 'ஒயிட்டு' என்று ஒன்று கிடைத்தது. மற்றதற்கெல்லாம் இங்கிலீஷ் கைகொடுக்கவில்லை.

இங்கிலீஷ் நம் ஊர்களுக்குப் பள்ளிக்கூடம் வழியாகவும் கோர்ட்டுக் கச்சேரி வழியாகவும் வந்தது என்று பெரியவர்கள் எழுதுகிறார்கள். எழுதட்டும். எங்கள் ஊருக்குப் பாதி இங்கிலீஷ் அடுப்படி வழியாக வந்தது என்பதற்கு நான் சாட்சி.

சோப்பு வருவதற்கு முன்னால் மதினி சந்தனத்தைப் 'பூசுறது' என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதில் ஒரு தொல்லை. மஞ்சளும் பூசுவதுதான், திருநீறும் பூசுவதுதான். விசேஷ வீட்டில் "அந்தப் பூசுறதை எடுத்தா" என்றால், சின்னஞ்சிறுசுகள் வேண்டுமென்றே சுண்ணாம்புக் கிண்ணத்தைக் கொண்டு வந்து நீட்டும். சாண்டல் வந்த பிறகு அந்தத் தொல்லை ஒழிந்தது. காது குத்தோ, கிடா வெட்டோ, "சாண்டல் கரைச்சாச்சா" என்று மதினி குரல் கேட்கும். தெரியாதவர்கள் விழிப்பார்கள். தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். மதினியும் சேர்ந்து சிரிப்பார்.

ஆத்தாவின் அக்கரை

போன வாரம், நம்முடைய 'கிடங்கு' கப்பலேறி மலாய் நாட்டுக்குப் போய், வெள்ளைக்காரன் வாயில் விழுந்து, 'குடோன்' ஆகி நம்மிடமே திரும்பி வந்த கதையை எழுதியிருந்தேன். காரைக்குடியிலிருந்து ஓர் அன்பர் கோபமாக எழுதியிருக்கிறார். படி இறங்கிக் கீழே போகிற இடம், அதாவது 'கோ டவுன்' என்பதால்தான் வெள்ளைக்காரன் அந்தப் பெயர் வைத்தானாம். நான் குழப்ப வேண்டாமாம். அன்பரே, அப்படிப் பார்த்தால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறி வந்தவன் அதற்கு வேறு பெயர் வைத்திருக்க வேண்டும். எனக்கென்னவோ அந்தச் சொல் இங்கிருந்து போனதுதான் என்று தோன்றுகிறது. உறுதியாகச் சொல்லப் பண்டிதர்கள் இருக்கிறார்கள்.

என் அண்ணன் ரெங்கூனில் வேலை பார்த்தது அப்படி ஒரு கிடங்கில்தான். திருமயம் பக்கத்துச் செட்டியார் ஒருவருக்கு அங்கே கொடுக்கல் வாங்கல் இருந்தது. அரிசி மூட்டைகளுக்குக் காவலும், ஏற்றி இறக்கும் ஆட்களுக்கு மேற்பார்வையும் அண்ணனுக்கு. செட்டியார் வீட்டார் அதைக் கிட்டங்கி என்பார்கள்.

எங்கள் ஆத்தா மட்டும் ரெங்கூன் என்று சொல்லவே மாட்டாள். காரணம், அப்பா பெயர் ரெங்கசாமி. "அக்கரையிலருந்து கடுதாசி வந்துச்சா" என்றுதான் தபால்காரரைக் கேட்பாள். இலங்கை, மலாய், பினாங்கு எல்லாம் எங்கள் ஊருக்கு அக்கரைதான் என்பதால், தபால்காரர் ஒவ்வொரு முறையும் "எந்த அக்கரை ஆத்தா" என்று வம்பு செய்வார். "ஒனக்குத் தெரியாதாக்கும்" என்று ஆத்தா முறைப்பாள்.

அப்பா ஒரு மழைக்காலத்தில் காலமானார். அண்ணன் செய்தி கேட்டுக் கப்பலேறி வந்து சேர்வதற்குள் கருமாதி முடிந்துவிட்டது. கருமாதிக்கு மறுநாள் தபால்காரர் வாசலைத் தாண்டிப் போனார். ஆத்தா உள்ளேயிருந்து கேட்டாள்.

"ரெங்கூன்லருந்து எதுவும் வந்துச்சாப்பா?"

தபால்காரர் சைக்கிளை நிறுத்தினார். அன்று வம்பு செய்யவில்லை. "இல்ல ஆத்தா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். புருஷன் போன பிறகு பெயருக்குத் தடை கிடையாது. இனிக் குறைவதற்கு ஆயுசு இல்லையே. அப்பா செத்தது எனக்குச் சுடுகாட்டில் உறைக்கவில்லை. ஆத்தா அந்த ஊர்ப் பெயரைச் சொன்னபோதுதான் உறைத்தது. கொல்லைப்புறம் போய் அழுதேன்.

வாரேன்

இங்கிலீஷில் 'குட்பை' என்கிறார்களே, அதற்குள் கடவுள் ஒளிந்துகொண்டிருக்கிறார். 'கடவுள் உன்னோடு இருக்கட்டும்' என்று நீட்டிச் சொன்னது, அவசரக்காரர்கள் வாயில் தேய்ந்து தேய்ந்து இரண்டு அசையாகிவிட்டது. இப்போது கடவுளை நம்பாதவனும் அதைச் சொல்கிறான்.

நம்மவர்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். கடவுளைச் சாட்சிக்கு இழுப்பதில்லை. போகிறவனிடமே வாக்கு வாங்கிவிடுகிறார்கள். வீட்டை விட்டுக் கிளம்பும்போது "போறேன்" என்று வாய் தவறிச் சொன்ன பிள்ளையை எங்கள் ஊரில் திரும்பக் கூப்பிட்டு, உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, "வாரேன்னு சொல்லு" என்று சொல்ல வைத்துத்தான் அனுப்புவார்கள்.

அப்பா காரியத்துக்கு வந்த அண்ணன் சில மாதம் இருந்துவிட்டுத் திரும்பப் புறப்பட்டார். கீரனூர் ஸ்டேஷனுக்கு நாங்கள் எல்லாரும் போனோம். ஆத்தாவிடம் "வாரேன் ஆத்தா" என்றார். என் தோளில் தட்டி "வாரேன்டா, வீட்டப் பாத்துக்க" என்றார். மதினியிடம் எல்லார் முன்னாலும் பேசுகிற வழக்கம் இல்லை. ரயில் ஏறுவதற்கு முன் மதினி நின்ற பக்கமாகப் பார்த்து, யாருக்கும் சொல்லாதது மாதிரி "வாரேன்" என்றார்.

"வாங்க" என்றார் மதினி. போயிட்டு வாங்க என்பதுதான் மரபு. மதினி பாதியை விட்டுவிட்டார். எனக்கு அது அப்போது சிரிப்பாக இருந்தது.

அதற்குப் பிறகு யுத்தம் வந்தது. ரெங்கூனில் குண்டு விழுந்ததாகப் பேப்பரில் போட்டார்கள். கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள். கிடைக்காதவர்கள் காட்டையும் மலையையும் நடந்தே தாண்டி, வழியில் பாதிப் பேரை விட்டுவிட்டு வந்தார்கள். எங்கள் பக்கத்து ஊர்களிலும் ஒருவர் இருவராக, எலும்பும் தோலுமாக வந்து இறங்கினார்கள். அண்ணன் வரவில்லை. செட்டியார் வீட்டுக்கு நான் போய்க் கேட்டேன்.

"கிட்டங்கி ஆளுக எல்லாம் ஒரு கூட்டமாத்தான் நடந்து கெளம்புனாகளாம்" என்றார் செட்டியார். "அதுக்குப் பெறகு எங்களுக்கும் தகவல் இல்ல. தெரிஞ்சா ஆள் விட்டுச் சொல்லுறேன்." சொன்னவருக்கே கண் கலங்கியிருந்தது. அவர் மகனும் வந்து சேர்ந்திருக்கவில்லை.

கரடிக்குப் பெயர் இல்லை

யுத்த நாட்களில் எனக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு துணை கிடைத்தது. தலைமையாசிரியர் அறை அலமாரியில் பூட்டி வைத்திருந்த பெரிய இங்கிலீஷ் அகராதி. ஒவ்வொரு சொல்லும் எந்த ஊரில் பிறந்து எந்த வழியாக வந்தது என்று அதில் இருக்கும். மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு, சாவியைக் கேட்டு வாங்கி அதைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். வீட்டுக் கவலையை மறக்க ஒவ்வொருவனுக்கு ஒவ்வொரு வழி.

அதில்தான் கரடி சமாசாரம் படித்தேன். வடக்கே, குளிர்நாட்டுக் காடுகளில் இருந்த இங்கிலீஷ்காரனின் மூதாதைகளுக்குக் கரடி என்றால் பயம். அதன் நிஜப் பெயரைச் சொன்னால் வந்து நிற்கும் என்று நினைத்தார்கள். அதனால் 'பழுப்பு நிறத்தான்' என்று ஜாடையாகச் சொன்னார்கள். சொல்லாமல் சொல்லாமல் நிஜப் பெயர் அந்த ஜனங்களுக்கு மறந்தே போய்விட்டது. இன்று இங்கிலீஷில் கரடிக்கு இருப்பது அந்த ஜாடைப் பெயர்தான் என்கிறார்கள்.

எனக்கு ஒரே சந்தோஷம். துரைமாரின் பாட்டன் பூட்டனும் எங்கள் காமாட்சி அக்காவும் ஒரே பள்ளிக்கூடம். இருட்டிய பிறகு பாம்பைப் பூச்சி என்போம். அம்மை போட்டால் ஆத்தா வந்திருக்கிறாள் என்போம். அவர்களும் கடவுள் பெயரை வீணாகச் சொல்லக் கூடாது என்று, 'காட்' என்பதைக் 'காஷ்' என்றும் 'கோலி' என்றும் பாதி கடித்துத் துப்புகிறார்கள். சாத்தானுக்குக் 'கிழட்டு நிக்' என்று செல்லப் பெயர் வேறு.

இப்படிப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒருநாள் சாண்டலைத் தேடினேன். காலில் போடும் சாண்டல் கிரேக்கத்துச் செருப்பு, அது வேறு குடும்பம். மணக்கிற சாண்டலுக்கு வழி நீளமாகப் போட்டிருந்தது. பிரெஞ்சுக்காரனிடமிருந்து வந்தது, அவனுக்கு லத்தீன், அதற்கு முன் கிரேக்கம், அரபி, பாரசீகம். கடைசியில் நம் தேசத்துச் சந்தனம். அதையும் தாண்டி நம் தமிழ்ச் 'சாந்து' வரைக்கும் போகிறவர்கள் உண்டு. அங்கே போனால் பண்டிதர்கள் அடித்துக்கொள்வார்கள், நான் போகவில்லை.

அகராதியை மூடிவிட்டு உட்கார்ந்திருந்தேன். எந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது என்று மதினி இத்தனை வருஷம் பத்தியமாக இருந்தாரோ, அதைத்தான் தினமும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அண்ணனைப் பற்றி ஒரு தகவலும் இல்லாத சமயம். இதை அவரிடம் சொன்னால், தன்னால்தான் அண்ணனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டால் என்ன செய்வது. சொல்லாமல் வைத்திருக்கவும் முடியவில்லை. வாயில் போட்ட மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கி வைக்கிற சாமர்த்தியம் எனக்கு எந்நாளும் இருந்ததில்லை.

மதினி முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார்.

"மதினி, ஒண்ணு சொன்னா வெசனப்படக் கூடாது."

"சொல்லுங்க தம்பி."

"சாண்டல்ங்கிறது வேற சொல்லு இல்லையாம். நம்ம ஊருச் சொல்லுதான் கப்பல்ல போயி, ஊரு ஊரா மாறி, திரும்பி வந்திருக்கு. ரெண்டும் ஒண்ணுதான்."

முறம் நின்றது.

"தெரியும் தம்பி" என்றார்.

"எப்புடி?"

"அன்னைக்குக் கெணத்தடியில படிச்சீங்கள்ல. அப்பவே காதுல அவுக பேரு மாதிரித்தான் விழுந்துச்சு. தெரிஞ்சுதான் எடுத்துக்கிட்டேன்." உளுந்தைக் கையால் கிளறிவிட்டார். "கட்டிக்கிட்டு வந்ததுலருந்து அவுகள ஒரு தடவ கூப்புட்டதில்ல. இதையாச்சும் சொல்லிக்கிறேனேன்னுதான்."

"சாமி குத்தம்னு யாராச்சும்…"

"பேரைச் சொல்லலன்னு சாமிக்குத் தெரியும்" என்றார். முறம் மறுபடி புடைக்க ஆரம்பித்தது. அதற்கு மேல் நான் அகராதியை அடுப்படிக்குக் கொண்டுபோகவில்லை.

இருக்கானா, இல்லையா

யுத்தம் முடிந்தது. அலமுவுக்குக் கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல மனிதர்கள், முந்திரித் தோப்பும் கொஞ்சம் ஏரிப் பாசன நிலமும் இருந்தது. எல்லாம் பேசி முடித்துவிட்டு, அவர்கள் வீட்டுப் பெண்கள் மட்டும் ஒரு கேள்வி கேட்டு அனுப்பினார்கள். பெண்ணின் மதினி ஆரத்தி எடுக்கலாமா, கூடாதா.

அதைக் கொண்டு வந்தவர் பெரியப்பா. அப்பா இல்லாத வீட்டில் அவர்தான் பெரியவர். கெட்டவர் அல்ல, எதையும் பாதியில் விட்டு வைக்கப் பிடிக்காதவர். வாசற்பந்தலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"இத்தன வருசமாச்சு. தருப்பையில ஒரு உருவம் செஞ்சு, எரிக்க வேண்டியதை எரிச்சு, கருமாதியப் பண்ணிருவோம். அவன் ஆத்துமாவும் அலையாது, இந்தப் புள்ள கல்யாணமும் நிக்காது."

கருமாதி என்றால் மதினிக்குத் தாலி இறங்கிவிடும். நான் குறுக்கே புகுந்தேன். "இங்கிலீஷ் பேப்பர்ல 'மிஸ்ஸிங்'னு போடுறாக பெரியப்பா. இருக்காகன்னும் இல்ல, இல்லைன்னும் இல்ல. நம்மளும் அப்படி வச்சுக்குவோமே."

பெரியப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். "அப்படி ஒரு வார்த்தை நமக்குக் கெடையாதுப்பா. இருந்தா இருக்கான், இல்லாட்டி இல்ல."

எத்தனையோ இங்கிலீஷ் சொல்லை நாம் எடுத்துக்கொண்டோம், அது மட்டும் நம் வீடுகளுக்குள் வரவே இல்லை.

கதவுக்குப் பின்னால் நின்ற மதினி வெளியே வந்தார். பெரியப்பா முன்னால் அவர் நின்று பேசி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"மாமா, அவுக பேரைச் சொல்லுற நாளுன்னு ஒண்ணு வந்துச்சுன்னா நானே என் வாயால சொல்லுவேன். யாரும் எனக்குச் சொல்லித் தர வேணாம். அதுவரைக்கும் கருமாதிப் பேச்சு வேணாம் மாமா."

பெரியப்பா ஆத்தாவைப் பார்த்தார்.

"அவ சொல்லிட்டாள்ல" என்றாள் ஆத்தா. "ஆரத்தியும் அவதான் எடுப்பா. சம்மதம்னா வரச் சொல்லுங்க."

பெரியப்பா முணுமுணுத்துக்கொண்டே போனார். ஆனாலும் கந்தர்வக்கோட்டைக்குப் போய் அவர்தான் பேசிச் சம்மதிக்க வைத்தார்.

கல்யாண வேலை

வாசலில் பந்தக்கால் நட்டு, கல்யாண வேலை மும்முரமாக இருந்த ஒரு நாள். கழுத்தில் சிலுவைக் கயிறு கட்டிய மெலிந்த மனிதர் ஒருவர் ஊருணிக் கரையில் மதினியோடு நின்று பேசுவதைத் தூரத்திலிருந்து பார்த்தேன். நான் போவதற்குள் அவர் நடந்துவிட்டார்.

"யாரு மதினி?"

"ஆவூருக்குப் போறவுகளாம். வழி கேட்டாக" என்றார். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். நிறைய வேலை கிடந்தது. நானும் மறந்துவிட்டேன்.

கல்யாணத்தன்று காலையில் மதினிக்குக் காய்ச்சல் என்றார்கள். முகம் உண்மையாகவே அப்படித்தான் இருந்தது. "பொண்ணு மாப்பிள்ளைக்கு ஒட்டிக்கிரும், நான் பின்கட்டுல இருக்கேன்" என்று காமாட்சி அக்காவைப் பிடித்து முன்னால் தள்ளிவிட்டார். அக்காதான் ஆரத்தி எடுத்தார், வந்தவர்களுக்குச் சந்தனம் கொடுத்தார். ஆத்தாவுக்கு வருத்தம்தான். காய்ச்சலுக்கு யார் என்ன செய்ய முடியும்.

ஆனால் வேலை எதுவும் நிற்கவில்லை. பின்கட்டிலிருந்து குரல் மட்டும் வந்துகொண்டே இருந்தது. "எலை பத்தலைன்னா அங்கிட்டு இருக்கு." "பந்திக்குத் தண்ணி வச்சாச்சா?" ஒருமுறை, "சாண்டல் கரைச்சாச்சா?" என்று கேட்டதும் பந்தலில் எங்கள் ஆட்கள் எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஒன்றும் புரியாமல் அவர்களும் சிரித்தார்கள்.

கெட்டிமேளம் கொட்டியபோது மதினி கதவோரம் வந்து நின்று பார்த்தார். அலமு புருஷன் வீட்டுக்குக் கிளம்பும்போது காலில் விழப் போனாள். மதினி இரண்டடி பின்னால் போய், "ஆத்தா கால்ல விழு. குங்குமம் காமாட்சி அக்கா வச்சு விடுவாக" என்றார். அலமு அழுதாள். எல்லாப் பெண்களும் அழுகிற நேரம் என்பதால் மதினி அழுததையும் நாங்கள் அந்தக் கணக்கிலேயே வைத்துக்கொண்டோம்.

வண்டிகள் கந்தர்வக்கோட்டைப் பாதையில் மறைந்த பிறகு வீடு வெறிச்சென்று ஆயிற்று. வெயில் இன்னும் இறங்கவில்லை. மதினி கிணற்றடியில் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். காமாட்சி அக்கா அலசிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். ஆத்தா கொல்லைப்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நான் பந்தலிலிருந்து தட்டுகளை அள்ளிக்கொண்டு வந்தேன்.

"தம்பி" என்றார் மதினி, தலையைத் தூக்காமல். "அந்தச் சந்தனக் கும்பாவ இங்கிட்டு எடுங்க. காஞ்சா போகாது."

தட்டுகளை வைத்துவிட்டுக் கும்பாவைக் கையில் எடுத்த பிறகுதான் அவர் சொன்ன சொல் எனக்கு உறைத்தது. காமாட்சி அக்கா கையிலிருந்த சருவம் பாதி கவிழ்ந்தபடி நின்றது. கொல்லைப்படியில் ஆத்தா காலை மடக்கினாள்.

மதினி கையைக் கழுவிக்கொண்டு நிமிர்ந்தார்.

"அன்னைக்கு ஊருணிக் கரையில பேசுன ஆவூர்க்காரரு சொன்னாக. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் நடந்தாகளாம். மலையில காச்ச கண்டு, அங்கயே போயிட்டாக. அவருதான் கையால குழி வெட்டி…" அங்கே நிறுத்திக்கொண்டார். "தெரிஞ்சா கல்யாணம் நின்னு போகும். அதான் இருந்துட்டேன் அத்தை."

ஆத்தா எழுந்து வந்தாள். அவள் சத்தம் போட்டு அழவில்லை. மதினி பக்கத்தில் ஈரத்திலேயே உட்கார்ந்து, என் கையிலிருந்த கும்பாவை வாங்கி, புளியைப் போட்டுத் தானே தேய்க்க ஆரம்பித்தாள். பெரியப்பாவுக்குச் சொல்ல நான்தான் போனேன்.

சாண்டல் என்ற சொல் அன்றோடு எங்கள் வீட்டைவிட்டுப் போயிற்று. மதினி அதற்குப் பிறகு நெடுங்காலம் எங்களோடு இருந்தார். சந்தனம் என்றே சொன்னார். சந்தனக்கட்டை எங்கே, சந்தனம் இருக்கா, சந்தனம் கரைக்கணுமா என்று நாளுக்குப் பலமுறை, வீட்டில் விசேஷம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கேட்டுக்கொண்டே இருந்தார். நாங்கள் ஒவ்வொரு முறையும் பதில் சொன்னோம்.